தாத்தா சேர்த்த தபால் தலை, காசு, நோட்டு: மொத்தமாக விற்பதா, பிரித்து விற்பதா?

தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்த ஒருவர் காலமாகிறார். காரியம் முடிந்ததும் பிள்ளைகள் அவருடைய அலமாரியைத் திறக்கிறார்கள். நிலப் பத்திரம், சேமநிதிக் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று தபால் தலை ஆல்பங்கள், பிஸ்கட் டின் நிறையப் பழைய காசு, நூலால் கட்டிய கடித உறைகள், பிளாஸ்டிக் தாளுக்குள் செருகிய நோட்டுகள். நாற்பது ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தவை.

"மொத்தமாக ஒரே விலைக்குக் கொடுத்துவிடலாம், வேலை முடிந்தது" என்கிறார் மூத்தவர். "ஒவ்வொன்றாக ஏலத்தில் போட்டால்தான் நல்ல காசு கிடைக்கும்" என்கிறார் தங்கை. அதற்குள் பேரன் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பிவிட்டான். "எல்லாத்தையும் நானே எடுத்துக்கிறேன், இன்னைக்கே பணம்" என்று யாரோ ஒருவரிடமிருந்து பதிலும் வந்துவிட்டது.

தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி இது. நகையை விற்பவர் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்பார். வீட்டை விற்பவர் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். தாத்தாவின் பெட்டிக்கு மட்டும் ஒரு மதிய நேரத்தில் முடிவு எடுத்துவிடுகிறோம். மொத்தமாக விற்றால் உள்ளே இருந்த நல்ல பொருள் சும்மா போய்விடலாம். அவசரப்பட்டுப் பிரித்தால், சேர்ந்திருந்ததால் வந்த மதிப்பு போய்விடலாம். இரண்டில் எது நடந்தாலும் பிறகு சரிசெய்வது கடினம்.

எது செட், எது குவியல்?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: ஒரே பெட்டியில் இருப்பதெல்லாம் ஒரு செட் ஆகிவிடாது.

1965-ஆம் ஆண்டு மலேசியாவில் வெளிவந்த ஆர்க்கிட் மலர்த் தபால் தலைகளை எடுத்துக்கொள்ளலாம். 1, 2, 5, 6, 10, 15, 20 சென் என மொத்தம் 7 மதிப்புகள். 13 மாநிலங்களும் அதே மலர்ப் படங்களில் தங்கள் சுல்தானின் உருவத்தையோ மாநிலச் சின்னத்தையோ பொறித்து வெளியிட்டன. ஏழைப் பதின்மூன்றால் பெருக்கினால் 91 தலைகள். அத்தனையும் இருந்தால் அது ஒரு செட். ஜொகூர் ஏழும் மட்டும் இருந்தால் அது ஒரு சின்ன செட். பல நாட்டுத் தலைகள் கலந்து கிடந்தால் அது குவியல்.

சிங்கப்பூரின் ஆர்க்கிட் நோட்டுகளும் அப்படித்தான். 1967-இல் தொடங்கிய அந்த வரிசையில் 1, 5, 10, 25, 50, 100, 500, 1,000, 10,000 வெள்ளி என 9 நோட்டுகள் வந்தன. 25 வெள்ளி நோட்டு அந்த வரிசையோடு நின்றுவிட்டது. ஒன்பதையும் சேர்க்க வேண்டும் என்பது பல சேகரிப்பாளர்களின் ஆசை.

செட்டுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ஒன்று குறைந்தால் அந்த இடம் காலியாகத் தெரியும். குவியலில் எதை எடுத்தாலும் யாருக்கும் தெரியாது. மொத்தமா, பிரித்தா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது.

ஏலத்தில் விலையை நிர்ணயிப்பவர் இரண்டாவது ஆள்

ஏலம், லெலோங் என்றால் அதிக விலை கேட்பவருக்குப் பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த விலை எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்பவர் ஜெயித்தவர் அல்ல, அவருக்கு அடுத்து நின்றவர். ஒருவர் 5,000 வரை கொடுக்கத் தயாராக இருந்தாலும், அடுத்தவர் 1,000-க்கே விலகிவிட்டால் பொருள் ஆயிரத்துச் சொச்சத்துக்குப் போய்விடும். ஆகவே விற்பவருக்குத் தேவை ஒரு பணக்காரர் அல்ல. அதே பொருளை விரும்பும் குறைந்தது இரண்டு பேர்.

ஏலத்தில் எண் போட்டுத் தனியாக விற்கப்படும் பொருளுக்கோ பொட்டலத்துக்கோ 'லாட்' என்று பெயர். ஒரு லாட்டில் எதை வைக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் எத்தனை பேர் போட்டிக்கு வருவார்கள் என்பது அமையும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒரு டின்னில் ஓர் அரிய காசு இருக்கிறது. அதற்கு 2,000 ரிங்கிட் வரை கொடுக்க இரண்டு சேகரிப்பாளர்கள் தயார். கூடவே 300 சாதாரணக் காசுகள், எல்லாம் சேர்த்து 300 ரிங்கிட் பெறும். டின்னை அப்படியே ஒரே லாட்டாக வைத்தால், அந்த இருவரும் "மீதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?" என்று ஒதுங்கிவிடலாம். வந்து நிற்பவர்கள் வியாபாரிகள். தரம் பிரிக்கும் வேலை, விற்கும்வரை காத்திருக்கும் காலம், தன் லாபம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் ஒரு வியாபாரி விலை கேட்பார். அது 1,200-இல் நின்றாலும் அவர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. அந்த வேலையை விற்றவர் செய்யவில்லை, வாங்கியவர் செய்கிறார். அதற்கான கூலி அது.

இப்போது எதிர்ப்பக்கம். அதே 91 ஆர்க்கிட் தலைகளை 91 லாட்டாகப் போட்டால் என்ன ஆகும்? ஏற்கெனவே 88 வைத்திருப்பவர் தனக்கு இல்லாத மூன்றுக்கு மட்டும் வருவார். அந்த மூன்றும் நல்ல விலைக்குப் போகும். மீதி 88-ஐ யாரும் சீண்ட மாட்டார்கள். முழு செட்டையும் ஒரே நாளில் வாங்கி ஆல்பத்தை நிறைத்துவிட நினைத்தவரும், 91 முறை கை தூக்க வேண்டுமா என்று போய்விடுவார்.

ஆகவே கேள்வி இதுதான்: மதிப்பு ஏதோ ஒரு பொருளில் இருக்கிறதா, அல்லது எல்லாம் சேர்ந்து இருப்பதில் இருக்கிறதா?

மன்னரின் காசு பொட்டலமாகப் போன கதை

மதிப்புள்ள பொருளை மொத்தமாகக் கட்டி விற்றதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு எகிப்தில் நடந்தது. 1952-இல் ஆட்சியை இழந்த ஃபாரூக் மன்னர் உலகின் மிகப் பெரிய நாணயச் சேகரிப்புகளில் ஒன்றை விட்டுச் சென்றார். புதிய அரசு 1954-இல் கைரோவில் லண்டன் சோதபீஸ் நிறுவனத்தின் மூலம் அதை ஏலம் விட்டது. காசுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றாக விற்க நேரமில்லை. பலவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பெரிய லாட்டுகளாகக் கட்டினார்கள். அரிய காசும் சாதாரணக் காசும் ஒரே பொட்டலத்தில் போயின.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் கோடாக் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த ஜான் ஜே பிட்மேன், கோடீஸ்வரர் அல்லர். வீட்டை அடமானம் வைத்துப் பணம் புரட்டிக்கொண்டு கைரோவுக்குப் போனார். எந்தப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் 1996-இல் காலமான பிறகு, வாழ்நாள் முழுதும் அவர் சேர்த்த காசுகள் 1997 முதல் 1999 வரை மூன்று ஏலங்களில், ஒழுங்காகப் பிரித்து, விவரம் எழுதி விற்கப்பட்டன. மொத்தம் 3 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் வந்தது.

அந்தத் தொகை முழுவதும் பிரித்து விற்றதால் மட்டும் வந்ததல்ல. இடையில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஓடிவிட்டன, காசு விலையும் ஏறியிருந்தது, எல்லாமே கைரோவில் வாங்கியவையும் அல்ல. ஆனாலும் ஒன்று உறுதி. பொட்டலத்துக்குள் இருப்பது வாங்குபவருக்குத் தெரிந்து, விற்பவருக்குத் தெரியாவிட்டால் லாபம் வாங்குபவருக்கே.

பிரித்தும் மதிப்பு கூடிய தாள்

1918 மே மாதம் வாஷிங்டனில் வில்லியம் ரோபி என்பவர் தபால் நிலையத்தில் 24 டாலர் கொடுத்து 24 சென்ட் விமானத் தபால் தலைகள் 100 கொண்ட ஒரு தாளை வாங்கினார். அச்சுப் பிழையால் விமானம் தலைகீழாக இருந்தது. 'தலைகீழ் ஜென்னி' என்று இன்று உலகமே அறிந்த தபால் தலை அது. சில நாள்களிலேயே யூஜின் கிளைன் என்ற வியாபாரி அந்தத் தாளை 15,000 டாலருக்கு வாங்கி, 20,000 டாலருக்குக் கர்னல் எட்வர்ட் கிரீன் என்ற செல்வந்தரிடம் விற்றார்.

கிரீன் அதைப் பிரித்தார். அப்படிப் பிரித்ததால்தான் பல பேருக்கு ஒன்று வாங்கும் வாய்ப்பு வந்தது. போட்டியும் வந்தது. 2023-இல் ஒரே ஒரு தலை 20 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆனால் அந்தப் பிரிப்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு.

ஒன்று, பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு தலையின் பின்புறமும் பென்சிலால் மெல்லிசாக 1 முதல் 100 வரை எண் எழுதப்பட்டது. எந்தத் தலை தாளில் எங்கே இருந்தது என்று இன்றும் சொல்ல முடிவதற்கு அதுவே காரணம்.

இரண்டு, எல்லாவற்றையும் ஒற்றை ஒற்றையாகக் கிழிக்கவில்லை. சிலவற்றை நான்கு தலைகள் ஒட்டிய தொகுதிகளாக விட்டுவைத்தார்கள். அவற்றுள் அச்சுத் தகட்டின் எண் உள்ள ஒரு தொகுதி 2005-இல் ஏறக்குறைய 30 லட்சம் டாலருக்கு விற்றது. இன்னொரு நான்கு தலைத் தொகுதி 1955-இல் ஒரு தபால் தலைக் கண்காட்சியில் திருடு போனது. திருடியவர்கள் அடையாளம் தெரியாமலிருக்க அதை நான்காகப் பிரித்துவிட்டார்கள். பின்னாளில் சில தலைகள் ஒவ்வொன்றாக மீட்கப்பட்டன, மூன்றாவது கிடைத்தது 2016-இல்தான். ஆனால் அந்தத் தொகுதி திரும்பக் கிடைக்கவில்லை. கிழிந்த பல் ஓரம் மறுபடி ஒட்டாது.

நம் வீட்டுப் பெட்டியில் இருப்பவை

இவை பெரிய இடத்துக் கதைகள்தான். ஆனால் அதே விதி தோட்டத்து வீட்டுத் தகரப் பெட்டிக்கும் பொருந்தும்.

கடித உறைகள்: பழைய உறையில் ஒட்டியிருக்கும் தபால் தலையை வெட்டி எடுப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்த உறையே ஒரு செட் என்பதைப் பலர் நினைப்பதில்லை. தலை, தபால் முத்திரை, தேதி, ஊர், முகவரி எல்லாம் சேர்ந்ததுதான் அதன் மதிப்பு. மூடப்பட்ட சின்ன ஊர்த் தபால் நிலையத்தின் முத்திரை, ஜப்பான்காரன் காலத்துத் தணிக்கை முத்திரை ஆகியவற்றைத் தேடுவோர் உண்டு. வெட்டி எடுத்த தலை சில காசு பெறலாம். முழு உறை பல மடங்கு பெறக்கூடும்.

வாழைமர நோட்டுகள்: 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் வெளியிட்டவை. ஏராளமாக அச்சடிக்கப்பட்டதால் பெரும்பாலானவை மலிவு. தொடர் எண் அச்சிட்ட தொடக்க கால நோட்டுகள் மட்டும் வேறு. அவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, எழுத்து மட்டும் உள்ள மற்றவற்றைக் கட்டாக விற்பதில் நட்டமில்லை.

சிங்கப்பூர் ஆர்க்கிட் நோட்டுகள்: இவை இன்றும் செல்லுபடியாகும் பணம் என்பதால், முக மதிப்புக்குக் கீழே போகாது. ஒன்பதும் ஒரே எண்ணில் அமைந்திருந்தால் ஒருபோதும் பிரிக்கக் கூடாது. எண் பொருத்தம் இல்லாமல் அங்கங்கே கிடைத்தவையானால், உயர்ந்த மதிப்பு நோட்டைத் தனியாக விற்பது பற்றி யோசிக்கலாம்.

மலேசியாவின் 500, 1,000 ரிங்கிட் நோட்டுகள்: 1999 ஜூலை 1 முதல் இவற்றைக் கொடுத்துக் கடையில் பொருள் வாங்க முடியாது. அதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சேகரிப்பாளர்கள் தனியாகவே தேடுவதால் இவற்றைக் குவியலோடு கலக்கக் கூடாது.

வெட்டாத நோட்டுகள்: சுதந்திரத்தின் 60-ஆம் ஆண்டை ஒட்டிப் பேங்க் நெகாரா வெளியிட்ட 60 ரிங்கிட் நினைவு நோட்டு, மூன்று ஒன்றாக ஒட்டிய வடிவிலும் வந்தது. 'மூன்று பிள்ளைக்கு மூன்று' என்று கத்தரி எடுத்தால் போயிற்று. வெட்டாமல் இருப்பதே அதன் சிறப்பு.

பழைய காசுகள்: விற்பதற்கு முன் புளியோ சாம்பலோ பித்தளை பாலிஷோ போட்டுத் தேய்க்கக் கூடாது. குத்துவிளக்கு பளபளத்தால் அழகு. காசு பளபளத்தால் 'தேய்த்தது' என்று சேகரிப்பாளர் ஒதுக்கிவிடுவார்.

பாலும் ஒட்டுப்பாலும்

பால் மரம் வெட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். வாளிப் பாலையும் ஒட்டுப்பாலையும் ஒன்றாகக் கொட்ட மாட்டார்கள். அதற்கு ஒரு விலை, இதற்கு ஒரு விலை. அதற்காக ஒட்டுப்பாலை எறிவதும் இல்லை. சாக்கில் கட்டி எடைக்குப் போடுவார்கள்.

தாத்தாவின் பெட்டியையும் அப்படி மூன்றாகத் தரம் பிரிக்கலாம். தனியாகப் போட்டியை இழுக்கும் சில பொருள்கள் முதல் பிரிவு. ஒவ்வொன்றும் தனி லாட். சேர்ந்திருப்பதால் மதிப்புள்ள முழு செட்டுகள், ஒட்டிய தொகுதிகள், உறைகள் இரண்டாவது பிரிவு. ஒவ்வொரு செட்டும் ஒரு லாட். மிச்சமெல்லாம் மூன்றாவது பிரிவு. நாடு வாரியாகவோ காலம் வாரியாகவோ ஓரிரு கட்டுகளாகக் கட்டிக் கொடுத்துவிடலாம். மூத்தவர் சொன்னதும் சரி, தங்கை சொன்னதும் சரி. இரண்டும் வெவ்வேறு பிரிவுக்குப் பொருந்தும்.

எது நல்லது என்று முன்கூட்டியே சொல்ல முடியாத நிலையும் உண்டு. அதற்கு ஏலக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பண்ணை நிலத்தைத் துண்டு துண்டாகவும் கேட்கலாம், முழுதாகவும் கேட்கலாம் என்று ஏலம் விடுவதுண்டு. துண்டுகளுக்கு வந்த விலைகளின் கூட்டுத் தொகையை, முழுதாகக் கேட்டவரின் விலை தாண்டினால் நிலம் முழுதாக அவருக்கு. இல்லாவிட்டால் துண்டாகக் கேட்டவர்களுக்கு. சேர்ந்திருந்தால் மதிப்பு கூடும் பொருள்களை எப்படி ஏலம் விடுவது என்பது பொருளாதார அறிஞர்களின் பெரிய ஆய்வுத் துறை. ஏலக் கோட்பாட்டை வளர்த்ததற்காகத்தான் பால் மில்குரோமுக்கும் ராபர்ட் வில்சனுக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சாதாரணக் குடும்பம் இதைச் சின்ன அளவில் செய்து பார்க்கலாம். மொத்தமாக எவ்வளவு தருவீர்கள் என்று இரண்டு மூன்று வியாபாரிகளிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு பிரித்து விற்றால் எவ்வளவு வரும் என்று ஏல நிறுவனத்திடம் மதிப்பீடு கேட்க வேண்டும். செலவைக் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தெரியும்.

செலவை மறக்கக் கூடாது

பிரித்து விற்பதில் செலவு உண்டு. ஏல நிறுவனம் விற்பவரிடம் கமிஷன் எடுக்கும். வாங்குபவரிடமும் விலைக்கு மேல் ஒரு விகிதம் வசூலிக்கும். வாங்குபவர் அதையும் மனத்தில் வைத்துத்தான் கை தூக்குவார். படம் எடுக்க, காப்புறுதிக்கு, தரச் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். விற்காத லாட்டுக்கும் கட்டணம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மலிவான பொருளைத் தனி லாட்டாக எடுத்துக்கொள்ளாத நிறுவனங்களும் உண்டு. 20 ரிங்கிட் பெறும் தலைக்கு 30 ரிங்கிட் செலவு செய்தால் பிரித்ததில் பயன் இல்லை.

இதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற குறைந்தபட்ச விலையை எழுத்தில் வைக்க முடியுமா, பணம் எத்தனை நாளில் வரும் என்பவற்றையும் கேட்க வேண்டும். காலமும் ஒரு செலவுதான். மருத்துவக் கட்டணமோ பிள்ளையின் படிப்புச் செலவோ கழுத்தை நெரிக்கும்போது, ஆறு மாதம் கழித்து வரும் பெரிய தொகையைவிட இன்று வரும் சிறிய தொகை உதவலாம். அதைத் தெரிந்து தேர்ந்தெடுத்தால் அது ஏமாற்றம் அல்ல.

பங்கு பிரிக்கும்போது

செட்டுகளை உடைப்பவர்கள் வியாபாரிகள் மட்டும் அல்லர். பல வீடுகளில் பாசமே உடைத்துவிடுகிறது. மூன்று பிள்ளைகள், மூன்று ஆல்பங்கள், ஆளுக்கொன்று என்று நியாயமாகப் பிரித்ததாக நினைப்பார்கள். ஒரே செட் மூன்று வீட்டுக்குப் போய்விடும். பிறகு ஒருவர் விற்க நினைத்தாலும் மற்ற இருவர் ஒத்துவர வேண்டும். பொருளைப் பிரிப்பதைவிட, விற்ற பணத்தைப் பிரிப்பது எளிது. விற்க மனமில்லாவிட்டால், ஆசையுள்ள ஒருவர் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு மற்றவர்களின் பங்கைப் பணமாகக் கொடுத்துவிடலாம்.

இதில் சேகரிப்பவருக்கும் பொறுப்பு உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த தாமஸ் டாப்ளிங் தன் தபால் தலைகளை அருங்காட்சியகத்துக்கு என்று எழுதி வைத்துவிட்டு 1891-இல் காலமானார். அந்தத் தொகுப்பு இன்றும் பிரியாமல் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பாரிசில் வாழ்ந்த ஃபிலிப் ஃபெராரியும் தன்னுடையதை பெர்லின் தபால் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்தார். ஆனால் முதல் உலகப் போரால் பிரான்ஸ் அரசு அதைப் பறிமுதல் செய்து, 1921 முதல் 14 ஏலங்களில் விற்றுத் தீர்த்தது. எழுதி வைத்தாலும் நினைத்தபடி நடக்கும் என்று உறுதியில்லை. எழுதாவிட்டால் பிள்ளைகள் இருட்டில் துழாவ வேண்டியதுதான். "இந்தப் பக்கத்தைப் பிரிக்காதே", "இதை மட்டும் தனியாகக் காட்டு" என்று ஆல்பத்தின் உள்ளட்டையில் நாலு வரி போதும்.

"இன்னைக்கே பணம்" என்று பதில் அனுப்பியவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அவருக்கு மறுமொழி சொல்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு, முன்னும் பின்னும் படம் எடுத்து, என்னென்ன இருக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது. எதையும் உரிக்காமல், வெட்டாமல், தேய்க்காமல். ஒரு சனி, ஞாயிறு போதும். அதற்குப் பிறகும் மொத்தமாகக் கொடுக்கலாம், பிரித்தும் கொடுக்கலாம், கொடுக்காமலே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பார்கள்.